உடுப்பு யார் கையில்

எனக்கு அங்கே வெட்கம் வரவில்லை என்பதுதான் முதலில் விளங்காத விஷயம். வரும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். வந்தால் எப்படிச் சமாளிப்பது என்றுகூட ஃபெரியில் நின்றபடி யோசித்து வைத்திருந்தேன். வந்தது வேறொன்று. அது இன்னதென்று பிடிபடாமலே கோடை போய், இலையுதிர்காலமும் போய், ஜன்னலில் பனி அப்பிக்கிடக்கும் இந்த மாதத்திலும் அது என்னை விட்டபாடில்லை. ரொறன்ரோ நகரத்துக்கு முன்னால் ஒன்ராறியோ ஏரியில் கிடக்கும் தீவுகளின் மேற்குக் கரையில் ஹன்லன்ஸ் பொயின்ற் என்றொரு மணற்கரை இருக்கிறது. அதில் ஒரு பகுதியில் உடுப்புப் போடுவதும் போடாததும் அவரவர் விருப்பம் என்று நகரசபையே பலகை நட்டு வைத்திருக்கிறது. நான் அரைக் காற்சட்டையோடு போனேன், அரைக் காற்சட்டையோடு இருந்தேன், அதோடேயே திரும்பி வந்தேன். ஒருவரும் என்னைக் கழற்றச் சொல்லவில்லை, கழற்றாததற்காக முறைக்கவும் இல்லை. சம்பவம் என்று சொல்ல ஒன்றும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றைப் பற்றி ஒரு மனிதன் இவ்வளவு காலம் யோசிப்பானா என்று மனைவி கேட்கிறாள். யோசிக்கிறேன், வேறென்ன செய்ய.

கொட்டன்வுட் மரங்கள் பஞ்சு பறக்கவிடும் ஜூன் மாதம் அது. ஃபெரி இறங்கி நடக்கிற பாதை முழுக்க அந்தப் பஞ்சு ஒதுங்கிக் கிடந்தது, மூக்குக்குள் போனது, வியர்த்த கழுத்தில் ஒட்டியது. பாதைக்குப் பக்கத்திலேயே பில்லி பிஷப் விமான நிலையம். காற்றாடி வைத்த சின்ன விமானங்கள் தலைக்கு மேலே அல்ல, தோளுக்குப் பக்கத்தால் போவதுபோல இறங்கின. பிறகு மரங்கள் விலகி, புல் பிடித்த மணல்மேடு வந்து, அதற்கப்பால் திடீரென்று தண்ணீர். அலை இருக்கிறது, அடிவானம் இருக்கிறது, கால் புதையும் மணல் இருக்கிறது. உப்பு மட்டும் இல்லை. இத்தனை வருடமாகியும் உப்பு மணக்காத இந்தத் தண்ணீரைக் கடல் என்று நம்ப என் மூக்கு மறுக்கிறது. மீன் வலை காயும் நாற்றமில்லை, கருவாட்டு வாடையில்லை, குளித்துவிட்டு வந்தால் தோலில் பிசுபிசுப்பில்லை. கழுவிவிட்ட கடல். அதில் குளித்தவர்களுக்கு மறுபடி நல்ல தண்ணீரில் குளிக்க வேண்டிய தேவைகூட இல்லை. எனக்கு அது ஏதோ பாதியில் விட்ட வேலை மாதிரித்தான் படும்.

அந்த மணலைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது தீவுக்குச் சொந்தமான மணல் அல்ல. ஸ்காபரோவிலிருந்து வந்தது. ஸ்காபரோவின் தெற்கு எல்லையில் ஏரியைப் பார்த்தபடி ஏறக்குறைய 15 கிலோமீற்றருக்கு நீளும் மண் செங்குத்துகள் இருக்கின்றன, சில இடங்களில் 90 மீற்றர் உயரம். அலை அடித்து அடித்து அவற்றைக் கரைக்கிறது. கரைந்த மண்ணை நீரோட்டம் மேற்கே இழுத்துப் போகிறது. ஆயிரக்கணக்கான வருடம் அப்படிப் போய்ச் சேர்ந்ததில் ஒரு நீண்ட மணல் நாக்கு உருவாகி, 1858இல் அடித்த புயலில் அது கரையிலிருந்து அறுந்து தீவாகியது. தீவில் 1808இல் கட்டிய வெளிச்சவீடு ஒன்று நிற்கிறது. கட்டியபோது தண்ணீரிலிருந்து இருபத்தைந்து அடி தூரத்தில் இருந்ததாம். இன்று ஏரி அதைவிட்டு நூறு மீற்றர் அளவுக்கு விலகிக் கிடக்கிறது. அவ்வளவும் ஸ்காபரோ மண். 1959இலிருந்து நகரம் தன் கட்டட இடிபாடுகளைக் கொட்டிக் கொட்டி ஏரிக்குள் லெஸ்லி வீதியின் முனையை நீட்டிக்கொண்டு போனதில் வரத்து மணலின் வழி அடைபட்டது. இப்போது தீவின் தென்மேற்குக் கரை தேய்கிறது. 2017இலும் 2019இலும் ஏரி நிரம்பித் தீவுக்குள் தண்ணீர் ஏறியபோது இன்னும் கொஞ்சம் போனது. இதை எல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்காபரோவில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு அந்தச் செங்குத்தின் அடியில் இருக்கும் புளஃபர்ஸ் பார்க் கரை நல்ல பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபொயிலில் சுற்றி அடுப்பில் வைத்த கோழியும், ரொட்டியும், பாட்டும், பிள்ளைகளுமாகப் போய் இறங்குவோம். சேலையோடும் சுரிதாரோடும் பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று, அலை வரும்போது கரையை ஒரு சாண் உயர்த்தி, போனதும் இறக்கிவிடுவார்கள். அதே மண், அதே ஏரி. அங்கே துணி நெரியாணிக்கு மேலே உயர்வதே ஒரு கணக்குக்கு உட்பட்டது. நீரோட்டம் அதே மணலைக் கொண்டுபோய்ப் போட்ட மறுகரையில் கணக்கு வழக்கே இல்லை.

என்னைக் கூட்டிப்போனவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், ஊரில் பக்கத்து வட்டாரம், இங்கே நெடுங்காலம் உணவகக் குசினிகளில் நின்றவர். ஓய்வெடுத்த பிறகு கோடை முழுக்கச் சைக்கிளை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு அந்தக் கரைக்குப் போய் வருகிறார் என்பது தற்செயலாகத்தான் வெளிவந்தது. நான் சிரித்தேன். "அங்கை எல்லாரும் உரிஞ்சாங்குண்டியோட எல்லோ நிப்பினம், அண்ணை?" என்றேன். "நிக்கிறவை நிப்பினம். விருப்பமில்லாதவை உடுப்போட இருப்பினம். உமக்கு என்ன, வந்து பாருமன்" என்றார். கேலியோ பெருமையோ இல்லாத குரல். மரக்கறிச் சந்தைக்கு வாரும் என்று கூப்பிட்டிருந்தாலும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார். அங்கே போனதும் அவர் செய்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கக்கூடாது என்று தெரிந்தும் பார்த்தேன். துவாயை விரித்தார். சப்பாத்தைக் கழற்றி, காலுறையை உருட்டி அதற்குள் வைத்தார். சேட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக விடுவித்து, மடித்தார். காற்சட்டையை மடிப்புத் தையலில் மடித்தார். உள்ளாடையையும் மடித்தார். எல்லாவற்றையும் பையில் வைத்துச் சங்கிலியை இழுத்து, பையைத் தலைமாட்டில் வைத்துச் சாய்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை. ஒரு மனிதன் இவ்வளவு அவசரமில்லாமல் உடுப்புக் களைவதை நான் அதற்குமுன் கண்டதில்லை. எங்கே கண்டிருக்கப் போகிறேன்?

யாழ்ப்பாணத்தில் நாங்கள் வளர்ந்தது வெளியில் குளித்து. கிணற்றடியில், துலாவுக்குக் கீழே, ஒழுங்கையால் போகிறவன் நின்று சுகம் விசாரிக்கிற தூரத்தில். ஆனால் உடம்பு ஒருபோதும் வெளியில் வராது. அதற்கென்று ஒரு கலையே இருந்தது. ஈரச் சாரத்துக்கு மேலே காய்ந்த சாரத்தைப் போட்டு, அதன் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, உள்ளே ஈரத்தை அவிழ்த்து விழுத்திக் காலால் எத்திவிட்டு, பிறகு காய்ந்ததை இடுப்பில் சண்டிக்கட்டாகச் செருகுவது. ஆறேழு வயதில் பழகினால் எண்பது வரை பிசகாது. பெண்களுக்குக் குறுக்குக்கட்டு, அக்குளுக்குக் கீழே இறுக்கி முடிந்த ஒரு துணிக்குள்ளே அம்மா சவர்க்காரம் போட்டு, முதுகு தேய்த்து, வாளி வாளியாக அள்ளி ஊற்றி, மாற்றுடுப்பும் மாற்றிவிடுவாள். அந்தத் துணியின் முடிச்சு அவிழ்ந்து நான் கண்டதில்லை. கீரிமலைக் கேணியிலும் அப்படித்தான். ஆண்கள் கேணி திறந்து கிடக்கும், பெண்கள் கேணிக்குச் சுவர் இருக்கும், இரண்டிலும் துணியோடுதான் இறங்குவது. பகல் வெளிச்சத்தில் என் முழு உடம்பை நானே முதலில் பார்த்தது இந்த நாட்டுக்கு வந்து, தாழ்ப்பாள் போட்ட குளியலறையின் ஆளுயரக் கண்ணாடியில். அப்போது கொஞ்சம் திடுக்கிட்டதும் உண்மை. ஆக, களைவது என்பது எங்களுக்கு எப்போதும் மறைப்புக்குள் அவசரமாக நடக்கிற காரியம். அண்ணையின் மடிப்புகளில் அந்த அவசரம் இல்லை. அது எங்கே போனது என்பதுதான் என் முதல் கேள்வியாக இருந்தது.

கண்ணை எங்கே வைப்பது என்பது இரண்டாவது. கொஞ்ச நேரம் அடிவானத்தைப் பார்த்தேன். பிறகு விமானங்களை. பிறகு தண்ணீருக்கு மேலே தாழப் பறந்து போன நீர்க்காகங்களை. லெஸ்லி முனையில் அவை ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. அடிவானமும் விமானமும் நீர்க்காகமும் தீர்ந்த பிறகு ஆட்களைப் பார்த்தேன். ஏமாற்றம் என்று சொன்னால் கொச்சையாகிவிடும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: உடம்புகள் அலுப்பானவை. தொப்பி மட்டும் போட்ட ஒரு கிழவி குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். முழங்காலில் சத்திரசிகிச்சைத் தழும்போடு ஒருவர் மணலில் குடையை நட்டு, அது சரிந்து, மறுபடி நட்டு, தூசணம் சொன்னார். இரண்டு இளைஞர்கள் கைகோத்தபடி தண்ணீருக்குள் போனார்கள், குளிர் தாங்காமல் கத்திக்கொண்டு திரும்பி ஓடி வந்தார்கள். வயிற்றில் பிள்ளைப்பேற்று வெட்டின் கோடு, முதுகில் வெயில் உரித்த தோல், தொங்கல், சுருக்கம், மச்சம். ஒரு அரைமணி நேரத்தில் எல்லாம் பழகிப்போய், உடுப்போடு வருகிறவன்தான் கண்ணில் குத்தினான். அவனும் நானே என்பது பிறகுதான் உறைத்தது. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, பாட்டைப் பெரிதாகப் போட்டபடி, இரண்டு மூன்று உல்லாசப் படகுகள் நங்கூரமிட்டு நின்றன. அதில் நின்றவர்கள் உடுப்போடு நின்றார்கள், கரையைப் பார்த்தபடி. "உவங்கள்தான் இஞ்சை வெக்கங்கெட்டவங்கள்" என்றார் அண்ணை, கண்ணைத் திறக்காமலே.

சட்டப்படி சரியா என்று பாராமல் எந்த இடத்திலும் குந்த முடியாத ஆட்கள் நாங்கள். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். கனடாவின் குற்றவியல் சட்டம் 174ஆம் பிரிவின்படி, சட்டம் ஏற்கும் காரணமின்றிப் பொது இடத்தில் நிர்வாணமாக இருப்பது குற்றம். ஆனால் சட்டமா அதிபரின் சம்மதமில்லாமல் வழக்குத் தொடர முடியாது. 1894இலேயே ரொறன்ரோ நகரசபை ஹன்லன்ஸ் பொயின்ற்றில் உடுப்பில்லாமல் குளிக்க அனுமதித்திருக்கிறது, அந்த அனுமதி 1930 வரை இருந்திருக்கிறது. விக்ரோறியா ராணி உயிரோடிருந்த காலம் என்று நினைக்கும்போது சிரிப்பு வருகிறது. 1971 ஓகஸ்ட் மாதம் தற்பாலீர்ப்பாளர்கள் ஒன்றுகூடி அங்கே வனபோசனம் வைத்தார்கள். நகரத்தின் பெருமித ஊர்வலங்களுக்கெல்லாம் அதுதான் தொடக்கம் என்கிறார்கள். 1999இல் பரீட்சார்த்தமாகவும் 2002இல் நிரந்தரமாகவும் அந்தக் கரைக்கு மறுபடி அனுமதி கிடைத்தது. 2023இல் பக்கத்திலே பெரிய நிகழ்ச்சித் திடல் ஒன்று அமைக்கும் யோசனை வந்தபோது அங்கே போகிறவர்கள் திரண்டு எதிர்த்தார்கள். இவ்வளவுக்கும் பின்னால் அலுக்காமல் மனு எழுதிய, கூட்டங்களில் எழுந்து பேசிய, சட்டத்தரணி பிடித்த ஆட்கள் இருக்கிறார்கள். சும்மா படுத்துக் கிடப்பதற்கு இவ்வளவு வேலை. உடுப்பில்லாமல் இருப்பதை ஒரு உரிமையாக எழுதி வாங்கலாம் என்பதே எனக்குப் புதிது. அதை எழுதி வாங்குகிற கை எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்? என்ன நினைவுகள் இல்லாத கையாக இருக்க வேண்டும்?

இந்த இடத்தில் கொஞ்சம் தயங்குகிறேன். எதை எழுதத் தொடங்கினாலும் கொண்டுபோய்ப் போரில் கட்டுவது எங்கள் எழுத்தைப் பிடித்த வியாதி. பிள்ளைகள் வாசிக்காமல் விடுவதற்கு அதுவும் ஒரு காரணம். கரையில் வெயில் காய்வதைப் பற்றிய கட்டுரையில் அது வேண்டுமா என்று பல தடவை அழித்தேன். ஆனால் அங்கே படுத்துக் கிடந்தபோது கண்ணை மூடினால் வந்தது அதுதான், நான் கூப்பிட்டு வரவில்லை. 1983 ஜூலையில் பொறளை பஸ் நிலையத்தில் சந்திரகுப்த அமரசிங்க எடுத்த படம் என் வயதுக்காரர் எல்லோருக்கும் மனப்பாடம். உடுப்பெல்லாம் உரியப்பட்ட ஒரு தமிழ் இளைஞன் குந்தியிருக்கிறான்; சுற்றிவர உடுப்போடு நிற்கிறவர்கள் ஆடுகிறார்கள். 2009 ஓகஸ்டில் சனல் 4 காட்டிய காட்சியில் கண் கட்டி, கை கட்டி, உடுப்பில்லாமல் இருந்தவர்கள் சுடப்படுகிறார்கள், சுடுகிறவர்கள் சீருடையில். கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் நந்திக்கடலுமாக ஒடுங்கிய மணல் துண்டிலிருந்து வெளியே வந்தவர்கள், ஓமந்தையில் உடுப்பைக் கழற்றச் சொல்லிச் சோதித்ததை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் முழுவதையும் அல்ல. பொது இடத்தில் ஒரு உடம்பு உடுப்பில்லாமல் இருந்தால், எங்கள் கண்ணுக்கு அதன் பக்கத்தில் ஒருவன் உடுப்போடு நிற்க வேண்டும். அவன் எங்கே என்று தேடுகிற கண்தான் இந்தக் கண். அந்தக் கரையில் நான் தேடியதும் அவனைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. படகில் நின்றவர்களைப் பார்த்து அடிவயிறு ஏன் இறுகியது என்பதும் இப்போதுதான் விளங்குகிறது. அம்மணம் என்பதில் என்ன இருக்கிறது, தோல்தானே. களைந்த உடுப்பு யார் கையில் இருக்கிறது என்பதிலல்லவா எல்லாம் இருக்கிறது. அண்ணையின் உடுப்பு அண்ணையின் தலைமாட்டில், சங்கிலி இழுத்த பைக்குள் இருந்தது.

அவருடைய முதுகை நான் முதன்முதலாகப் பார்த்ததும் அன்றுதான். வலது தோள்மூட்டுக்குக் கீழே, ஒன்றன்கீழ் ஒன்றாக, நீளவாக்கில், மினுமினுத்த தோலோடு சில கோடுகள். எங்கே, எப்போது, யாரால் என்பது எனக்கு ஓரளவு தெரியும். அதை எழுத அவர் சம்மதிக்கவில்லை. "மற்றதை எழுதும். உது வேண்டாம்" என்றார். எழுதவில்லை. ஆனால் எங்கள் ஆட்களின் உடம்பில் தழும்பு என்பது ஒருபோதும் வெறும் தழும்பாக இருந்ததில்லை என்பதைச் சொல்லலாம். ஊரில் முழங்கையிலோ தோளிலோ ஒரு காய்ப்பு இருந்தால் இயக்கத்தில் பயிற்சி எடுத்தவன். சோதனைச் சாவடியில் சேட்டைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பது அதைத்தான். சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்த காயத்துக்குக் கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். தப்பி வெளிநாடு வந்தால் கதை தலைகீழ். இப்போது தழும்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உன் கதையை எப்படி நம்புவது? அகதி விசாரணைக்கு முன்னால் வைத்தியரிடம் போய்க் கழற்றி நின்று, ஒவ்வொன்றின் நீளம் அகலத்தை அளந்து எழுதுவித்து, அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். இருந்தாலும் சந்தேகம்தான். பிரித்தானியாவில் ஒரு இலங்கைத் தமிழரின் முதுகிலும் கையிலும் இருந்த சூட்டுத் தழும்புகளை, அவரே யாரையோ கொண்டு மயக்க மருந்து கொடுத்துச் சுடுவித்திருக்கலாம் என்று அதிகாரிகள் வாதாடி, அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019இல்தான் அந்த நீதிபதிகள் வழக்கை மறுபடி சரியாக விசாரிக்கும்படி திருப்பி அனுப்பினார்கள். ஒருவன் முதுகை எத்தனை பேர் எத்தனை வருடம் வாசித்திருக்கிறார்கள், அதுவும் அவன் தானே பார்க்க முடியாத முதுகை.

ஹன்லன்ஸ் பொயின்ற்றில் ஒருவரும் வாசிக்கவில்லை. அண்ணை எழுந்து தண்ணீருக்குள் போனார். குறுக்கெழுத்துக் கிழவிக்குப் பக்கத்தால்தான் போனார். அவள் தலை நிமிர்த்தி, வெயில் கூடிவிட்டது என்பதுபோல ஏதோ சொன்னாள். அவரும் ஏதோ சொன்னார். அவள் அந்தக் கோடுகளைக் கண்டிருப்பாள், கண்ணாடி போட்டிருந்தாள். மறுபடி குறுக்கெழுத்துக்குப் போய்விட்டாள். என்னை உலுப்பியது இதுதான். ஒரு உடம்பு காணப்படுகிறது, ஆனால் விசாரிக்கப்படவில்லை. இது மரியாதையா, அக்கறையின்மையா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. இந்த நாட்டில் பக்கத்து வீட்டுக்காரன் செத்துக் கிடந்தாலும் நாற்றம் வரும்வரை கேட்க மாட்டார்கள் என்று நாங்கள்தானே குறை சொல்கிறோம். அதே கேளாமைதான் இங்கே அண்ணைக்கு வெயிலாக விழுகிறதோ என்னவோ. இன்னொரு பக்கமும் உண்டு. அன்று அந்தக் கரையில் கறுத்த, மண்ணிறத் தோல்கள் மிகக் குறைவு. நாங்கள் இரண்டு பேரும் நடந்து வந்தபோது சில தலைகள் திரும்பின. ஒருவர் கழற்றும் வரைக்கும் திரும்பியபடியே இருந்தன. மற்றவர் கழற்றவில்லை என்று கண்டபோது இன்னும் கொஞ்சம் நேரம் திரும்பியிருந்தன. யார் வேண்டுமானாலும் வரலாம் என்கிற இடத்துக்கு யார் வருவதில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்காபரோ மணல் அங்கே வந்து சேர்ந்த அளவுக்கு ஸ்காபரோச் சனம் வந்து சேரவில்லை.

மனைவியிடம் இதையெல்லாம் சொன்னபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் போருக்கு வந்த இடத்தில் நிறுத்தினாள். "உங்கடை பெரிய தத்துவத்தை விடுங்கோ. ஒரு பொம்பிளை தனியப் போய் அங்கை துவாயை விரிச்சுப் படுத்தால் அவளின்ரை உடுப்பு ஆற்றை கையில எண்டு சொல்லுங்கோ பாப்பம்." நான் குறுக்கெழுத்துக் கிழவியைச் சொன்னேன். "கிழவிக்கு எழுபது வயசு. இருபத்தஞ்சு வயசுக்காரியைச் சொல்லுங்கோ." சொல்ல முடியவில்லை. ஒன்ராறியோவில் 1991இல் குவெல்ஃப் நகரத்தில் குவென் ஜேக்கப் என்ற மாணவி ஒரு வெக்கையான ஜூலை நாளில் மேலாடையைக் கழற்றிவிட்டுத் தெருவில் நடந்தாள். ஆண்கள் கழற்றி நடப்பதை அவள் பார்த்ததுதான் காரணம். பொலிஸ் பிடித்தது, 75 டொலர் தண்டம் விதித்தார்கள். 1996 டிசெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவளை விடுவித்தது. அன்றிலிருந்து இந்த மாகாணத்தில் பெண்களும் மேலாடை இல்லாமல் நடக்கலாம். நடக்கிறார்களா? முப்பது வருடமாக உள்ள உரிமை, தெருவில் ஒருத்தியைக் கண்டதில்லை. மனைவி இதற்கும் பதில் வைத்திருந்தாள். "ஆம்பிளையள் நீங்கள் கோயிலிலையே சேட்டைக் கழட்டிப்போட்டுத்தானே நிக்கிறியள். உங்களுக்கு எங்கை கழட்டினாலும் ஒண்டுதான்."

எங்கே கழற்றினாலும் ஒன்றல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் மரபில் உடுப்பில்லாத உடம்பு தெய்வமாக இருக்கலாம், துறவியாக இருக்கலாம். திருவெண்காட்டில் கிடைத்து இப்போது தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் நிற்கும் பிட்சாடனர் பாம்பையும் பாதக்குறட்டையும் அணிந்திருக்கிறார், உடுப்பென்று ஒன்றும் இல்லை. தாருகாவனத்து முனிவர்களின் மனைவியரை நிலைகுலைய வைக்கப் போகிற கோலம் அது. ஒரு இலேசான சிரிப்போடு நிற்கிறார். மேல்சித்தாமூர்ச் சமணக் கோயிலில் தீர்த்தங்கரர்கள் திசையையே உடுத்தி நிற்கிறார்கள். பட்டினத்தார் கோவணம் வரை வந்து நின்றார். இவர்கள் எல்லோரும் எதையோ வெல்ல, எதையோ விட, யாரையோ சோதிக்கக் களைந்தவர்கள். சும்மா வெயில் காயக் களைந்த ஒருவர் எங்கள் கல்லிலும் செம்பிலும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு வாழைப்பழமும் பாணும் கட்டிக்கொண்டு போய்க் களைகிறவருக்கு எந்தச் சிற்பி இடம் கொடுப்பான்? கோயிலில் ஆண்கள் சேட்டைக் கழற்றுவதும் இந்தக் களைவுகளின் வரிசைதான், அடக்கத்தின் அடையாளம், நல்லூரிலும் அப்படி, இங்குள்ள பல கோயில்களிலும் அப்படி. அதில் விருப்பம் என்ற பலகை கிடையாது. அண்ணை கோயிலுக்குப் போவதே குறைவு என்பதை நான் அவருடைய அரசியல் என்று எண்ணியிருந்தேன்.

அந்த ஓகஸ்டில் அவருடைய தம்பி குடும்பத்தின் உபயம். திருவிழா நாளில் உபயகாரர் முன்வரிசையில் நிற்க வேண்டும், தப்பிக்க வழியில்லை. வேட்டியும், தோளைச் சுற்றி அகலமாகப் போர்த்த பட்டுச் சால்வையுமாக வந்திருந்தார். சுவாமி வெளிவீதிக்கு எழுந்தருளுகிற நேரம், சபைக்காரர் ஒருவர், நல்ல மனிதர், எல்லோரையும் ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்தவர், அவருக்கு முன்னால் நின்றார். "ஐயா, சால்வையை இடுப்பிலை கட்டுங்கோ. சாமி வருது." அண்ணை என்னை ஒருமுறை பார்த்தார். சால்வையை எடுத்து, நீளவாக்கில் மடித்து, இடுப்பில் சுற்றி முடிந்தார். இந்த முறை அவசரமாக. தவில் எழுந்தது, கற்பூரம் காட்டினார்கள், எல்லோரும் தலைக்கு மேலே கை கூப்பினார்கள். கை உயர உயரத் தோலும் இழுபட்டுக் கோடுகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. பின்னால் நின்றவர் தீபாராதனை முடியும்வரை பொறுத்திருந்தார்.

"அண்ணை, முதுகிலை உது என்ன காயம்?"

"எண்ணெய் தெறிச்சது."

"எங்கை, ரெஸ்ரோறன்ற்றிலையோ?"

"ஓம்."

"வேர்க்கேர்ஸ் கொம்பன்சேஷன் எடுத்தனீங்களோ? எடுக்கேல்லையோ? விசர் வேலை. சரி, அதை விடுங்கோ, கத்தாளை பூசுங்கோ. பழைய காயமெண்டாலும் காலமையும் பின்னேரமும் பூசினால் மங்கும். என்ரை மனுசிக்கு மங்கினது."

எந்தக் கடையில் மடல் தடித்த கற்றாழை கிடைக்கும் என்று அண்ணை விசாரித்தார். மார்க்கம் வீதியில் ஒரு கடையின் பெயரைச் சொல்லி, வியாழக்கிழமைதான் புதிதாக இறக்குவார்கள் என்றும் பின்னால் நின்றவர் சொன்னார்.